கூலண்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை. ஹெட் கேஸ்கெட்தானா?

பழைய டீசல் பிக்கப், அடிக்கடி கூலண்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது, நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை, மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலிருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார், பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடவே விடாதீர்கள்.

உங்கள் வண்டியும் என்னுடையதைப் போலக் கை மாறி வந்ததாகத்தான் இருக்கும். முன்னால் வைத்திருந்தவர் சிக்கனம் பிடித்து வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருப்பார். துருத்தடுப்பு மருந்து இல்லாத தண்ணீர் இரும்பை உள்ளேயிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

எனக்கும் இதே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வரும் வெள்ளைப் புகைதான் சாட்சியாம். வயசான டீசல் இன்ஜின் ஆறிக் கிடந்து எழும்பினால் கொஞ்சம் வெள்ளையடிக்கத்தான் செய்யும். சூடேறிய பிறகும் நிற்காமல், தித்திப்பு வாடையோடு வந்தால்தான் கவலை. என் வண்டியில் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கேஸ்கெட் போனதற்கான மற்ற அடையாளங்களும் இல்லை என்று ஆயில் ஸ்டிக்கை உருவிக் காட்டினேன். ஆயில் வெளுக்கவும் இல்லை, நுரைக்கவும் இல்லை. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணினேன், விடாமல் குமிழி கிளம்பவில்லை. மேல் ஓஸும் உடனே இறுகிப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "சார், நாங்க எத்தனை வண்டி பார்த்திருப்போம்!"

வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன். பிரஷர் டெஸ்டர் என்பது கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த ஒரு சின்னச் சாமான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். 0.9 என்றால் 0.9 பார், அதற்கு மேல் போனால் நல்லாயிருக்கும் ரேடியேட்டரையும் பிளந்துவிடும். கால் மணி நேரம் முள் அப்படியே நிற்க வேண்டும். எனக்கு மெல்ல இறங்கியது, ஆனால் எங்கும் சொட்டு இல்லை. அங்கே வேலை பார்த்த பையன் விடவில்லை. டார்ச்சையும் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியையும் இன்ஜினுக்குப் பின்னால் நுழைத்தான். ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) ஒட்டி ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாய், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப், கிளாம்புக்குள் ஒரு ரப்பர் பட்டை. அந்த ரப்பருக்கு அடியில் குண்டூசி முனை அளவுக்குத் துரு ஓட்டை! கசிவது ரப்பரில் ஊறி, பிளாக்கின் பின்பக்கம் வழிந்து, ஓடுகிற சூட்டில் தரையைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது. மிச்சம் இருந்தது பச்சை ஓரம் வைத்த வெள்ளைப் பொருக்கு மட்டும்தான். குழாயையும் இரண்டு ஓஸையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. ஹெட்டில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

"ஒரு வண்டியை வைத்துக்கொண்டு உபதேசமா, நீ என்ன மெக்கானிக்கா" என்று வருபவர்களுக்கு: இல்லை. கேஸ்கெட் போகவே போகாது என்றும் நான் சொல்லவில்லை. முள் இறங்குகிறது, வெளியே எங்கேயும் ஈரமோ பொருக்கோ இல்லை என்றால் உள்கசிவைச் சந்தேகப்படலாம். அப்போதும் ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் கூலண்டால் ஆறவைக்கும் பாகம்) இருக்கிற டீசல் வண்டியானால் முதலில் அதைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். அது ஓட்டையானாலும் கூலண்ட் சைலன்சர் வழியாகத்தான் போகும். எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறதா என்று பார்க்க நிறம் மாறும் நீலத் திரவம் ஒன்று கிடைக்கிறது, அதையும் பார்த்துவிட்டு ஹெட்டை இறக்கட்டும்.

முள் அசையவே இல்லையா? மூடியைச் சந்தேகப்படுங்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் அழுத்தமே இல்லாவிட்டால் சுமார் 107 டிகிரியில் கொதித்துவிடும், 1 பார் ஏறினால் 125-க்கு மேலும் தாங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும், கூலண்ட் ரேடியேட்டரிலிருந்து பக்கத்து டப்பாவுக்குப் போய் வழியும். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அங்கே கறையிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். கேபினில் தித்திப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் என்றால் ஒழுகுவது ஹீட்டர் கோர், அதாவது கேபினைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர். ஏசி தண்ணீரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஓட்டை அடைக்கும் பொடியை மட்டும் கொட்டிவிடாதீர்கள், ரேடியேட்டரின் நல்ல குழாய்களையும் அது அடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லித் தீர வேண்டும். பிக்கப் வைத்திருப்பவன் ஊருக்கே மச்சான். "ஒரு பீரோதான், ஒரு மணி நேரம்தான்" என்று வாங்கிக்கொண்டு போவார்கள், முழு வீட்டையும் ஏற்றுவார்கள். டீசல் போடாததைக்கூட விட்டுவிடலாம். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்து, "வண்டி கொஞ்சம் திணறுதுப்பா" என்று சாவியைக் கொடுப்பவர்களை என்ன செய்வது? கேஸ்கெட் உண்மையிலேயே போவது இவர்கள் கையில்தான். உங்கள் வண்டியும் அப்படி இரவல் போய் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். போயிருந்தால் நான் மேலே சொன்னதை வைத்து மெக்கானிக்கிடம் ரொம்ப அடித்துப் பேச வேண்டாம், அவர் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். டெஸ்டை மட்டும் பண்ணிவிடுங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.