நாய்ஸ் எப்போது நாய்சி ஆகும்?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஆங்கிலப் பெயர்ச்சொல்லை அட்ஜெக்டிவாக (பெயரடையாக) மாற்றச் சொன்னால் விழிக்கிறாள். எப்படிச் சொல்லித் தருவது? – வாசகி, பெரம்பூர்

பதில்: அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், அம்மா. ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே இருப்பது 'நாய்ஸ்', அந்தத் தெரு 'நாய்சி'. எழுதும்போது கடைசி 'இ' போய் 'ஒய்' வரும். மெரினாவில் அடிப்பது 'விண்ட்', அந்த மாலை 'விண்டி'. 'சன்' மட்டும் 'சன்னி' ஆகும்போது 'என்' இரட்டிக்கும்.

'பியூட்டி'யில் 'ஒய்' போய் 'ஐ' வந்து 'பியூட்டிஃபுல்' ஆகும். முடிவில் ஒரே 'எல்'தான்! நான் திருத்தும் தாள்களில் அதிகம் சிவப்பு மை வாங்குவது அந்த இரண்டாவது 'எல்'தான். 'டேஞ்சரஸ்', 'நேஷனல்' எல்லாம் வாசிக்க வாசிக்கப் பழகிவிடும்.

'ஃப்ரெண்ட்லி'யில்தான் கவனம் வேண்டும். 'எல்-ஒய்' பார்த்ததுமே பிள்ளைகள் அட்வெர்ப் (வினையடை) என்று எழுதிவிடுகிறார்கள். அது அட்ஜெக்டிவ், 'ஃப்ரெண்ட்லி கண்டக்டர்' என்று சொல்லலாமே. சரி, 'பஸ் ஸ்டாப்'பில் 'பஸ்' அட்ஜெக்டிவா? முன்னால் 'வெரி' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'வெரி ஃப்ரெண்ட்லி' பொருந்தும், 'வெரி பஸ்' பொருந்தாது. அங்கே 'பஸ்' பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது.