வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்: குழியைக் காயவைக்கும் வேலை

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறேன். சென்னையில் டீவாட்டரிங் (கட்டடக் குழியிலிருந்து நிலத்தடி நீரை இறைத்து அகற்றும் வேலை) சப்-கான்ட்ராக்டர் ஒருவரிடம் சைட் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கிறது. ‘மோட்டார் போடுவதற்கா மூன்று வருஷம் படித்தாய்?’ என்கிறார் அப்பா. போகலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: போகலாம். குழியில் தேங்கிய தண்ணீரை சம்ப் (நீர் சேரும் சிறு பள்ளம்) வெட்டி இறைப்பதை மேஸ்திரியே பார்த்துக்கொள்வார். தோண்டுவதற்கு முன்பே சுற்றிலும் நிலத்தடி நீர்மட்டத்தை இறக்கி, கான்கிரீட் முடியும்வரை அங்கேயே பிடித்துவைப்பதுதான் உங்கள் வேலை.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரியான கடலோர மணலில் வெல்பாயின்ட் முறைதான் வசதி. 38 அல்லது 50 மி.மீ. குழாய், அதன் அடியில் சல்லடை வைத்த முனை. ஜெட் பம்பின் நீரழுத்தத்தால் குழாயை மணலுக்குள் இறக்கி, சுற்றிலும் கரடுமுரடான மணலைக் கொட்டுவார்கள். மேல்பகுதியைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வழியாகக் காற்று இறங்கிவிடும். ஒவ்வொரு குழாயும் வால்வுள்ள ஹோஸ் வழியாக, உறிஞ்சும் பம்புக்குப் போகும் பொதுக் குழாயான 150 மி.மீ. ஹெடர் பைப்பில் சேரும். 40க்கு 20 மீட்டர் குழியென்றால் சுற்றளவு 120 மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வைத்தால் 80 பாயின்ட்.

இந்த எண்பதையும் சரியாக வேலை வாங்குவதில்தான் சூப்பர்வைசரின் திறமை இருக்கிறது. ஒரு பாயின்ட் தண்ணீரோடு காற்றையும் இழுத்தால் அதன் ஹோஸ் துள்ளும். அந்த வால்வைத் துள்ளல் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். உறிஞ்சு விசையைக் காட்டும் வாக்குவம் கேஜில் முள் இறங்கினால் பம்பைக் குறை சொல்வதற்கு முன் ஹெடர் ஜாயின்ட்களில் காதை வையுங்கள்; கசிவு இருந்தால் ‘உஸ்’ என்று கேட்கும். அப்படியும் பிடிபடாவிட்டால் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எந்த வால்வை மூடும்போது முள் ஏறுகிறதோ, கோளாறு அங்கேதான்.

உறிஞ்சும் பம்புக்கு ஏட்டுக் கணக்கில் எல்லை 10.3 மீட்டர். சைட்டில் 5, 6 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அதற்குக் கீழே போக இரண்டு அடுக்காக வெல்பாயின்ட் போட வேண்டும், அல்லது ஆழக் கிணறு தோண்டி சப்மெர்சிபிள் இறக்க வேண்டும். களிமண்ணில் வெல்பாயின்ட் போட்டு ‘தண்ணீரே வரவில்லை’ என்று புலம்பும் சைட்கள் நிறைய. மண் பரிசோதனை அறிக்கையைப் படிக்காததன் விளைவு அது.

கேள்வி: டீவாட்டரிங் தொடங்கியதிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல். ஓனர் சண்டைக்கு வருகிறார். உண்மையிலேயே நம்மால்தானா?
– சைட் இன்ஜினீயர், வேளச்சேரி

பதில்: இருக்கலாம். இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, தண்ணீரோடு பொடி மணலும் வெளியேறி, பக்கத்து அஸ்திவாரத்தின் அடியில் பொள்ளல் விழுவது. வெளியேறும் நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். முதல் சில மணி நேரம் கலங்கலாக வருவது இயல்பு. அதன் பிறகும் அடியில் மணல் படிந்தால் அந்தக் கிணற்றை நிறுத்திவிட்டு, மணலைத் தடுக்கும் ஃபில்டரைச் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.

இரண்டாவது வழியில் மணல் ஒரு துளிகூட வெளியேறாது. நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அதுவரை தண்ணீர் தாங்கிய பாரத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 டன் மண்மீது ஏறும். கெட்டியான மணல் அதற்கு அசைந்துகொடுக்காது. சதுப்பு நிலத்தை ஒட்டிய இளகிய களிமண்ணோ மாதக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். இதற்குப் பரிகாரம், எல்லைச் சுவரோரம் ரீசார்ஜ் கிணறு போட்டு, இறைத்த தெளிந்த நீரில் ஒரு பகுதியைத் திருப்பி விடுவது. வெளிப்புறம் பீசோமீட்டர் (நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் குழாய்) வைத்துத் தினமும் மட்டம் குறித்துவர வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அக்கம்பக்கத்துச் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து வைத்திருந்தால், பழைய விரிசல் எது, புதியது எது என்ற வழக்கே வராது.

கேள்வி: பேஸ்மென்ட் ராஃப்ட் (கட்டடத்தின் அடி முழுக்கப் பரவிய கான்கிரீட் அஸ்திவாரப் பலகை) போட்டாகிவிட்டது, குழி காய்ந்து கிடக்கிறது, ‘டீசல் செலவை நிறுத்து’ என்கிறார் பில்டர். எப்போது பம்பை நிறுத்தலாம்?
– வாசகர், தாம்பரம்

பதில்: கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நீர்மட்டம் தரையிலிருந்து 1 மீட்டரில், ராஃப்ட்டின் அடி 7 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீர், சதுர மீட்டருக்கு 6 டன்னாக மேலே தள்ளும். 60 செ.மீ. ராஃப்ட்டின் எடை 1.5 டன். மீதி 4.5 டன்னைத் தூண், சுவர், தளங்களின் எடைதான் ஈடுகட்ட வேண்டும். அதற்கு மேலும் பாதுகாப்புக்கு ஓரளவு மிச்சம் வேண்டும். அந்த எடை ஏறுவதற்கு முன்பே பம்பை நிறுத்தினால், காலிப் பெட்டி குளத்தில் மிதப்பதுபோலக் கட்டடம் எழும்பும். ராஃப்ட் வெடிக்கவும் கூடும். எத்தனை தளம் ஏறிய பிறகு நிறுத்தலாம் என்பதை ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழியாக வேண்டாம்.

இதில் இன்னொரு கண்ணி: மே மாதத்து மட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் மட்டம் எங்கே ஏறுமோ, அதுதான் கணக்கு.

தோண்டும் கட்டத்தில் ஆபத்து வேறு விதம். கரன்ட் போய்ப் பம்ப் நின்றால் குழியின் அடியிலிருந்து மணல் கொப்பளித்துக்கொண்டு வரும். தயார் நிலையில் ஜெனரேட்டரும் ஓர் உபரி பம்பும் இல்லாத சைட்டில் பொறுப்பேற்காதீர்கள். டீசல் பம்பைக் குழிக்குள் இறக்கவும் விடாதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும். சப்மெர்சிபிளை அதன் கேபிளைப் பிடித்துத் தூக்குவது, 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஓட்டுவது இரண்டும் கூடாது.

கேள்வி: ஐடிஐ படித்தவருக்கும் பி.இ. படித்தவருக்கும் இதில் என்ன வழி? இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: ஐடிஐயில் டீசல் மெக்கானிக், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் மூன்றும் பொருந்தும். ஆபரேட்டராக நுழைந்து, இரவு ஷிப்ட்டில் தனியாக லைனைச் சமாளிக்கத் தெரிந்தவர் ஃபோர்மேன் ஆவார். பி.இ. சிவிலுக்குப் பிறகு டிசைன் பக்கம் போக, கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கும் மண் இயக்கவியல் எம்.இ. மாதிரியான படிப்பு உதவும். புவியியல் (ஜியாலஜி) படித்தவருக்குப் பம்பிங் டெஸ்ட் (கிணற்றில் இறைத்து, நீர்மட்டம் இறங்குவதை அளக்கும் சோதனை) வழியாகக் கதவு திறக்கும்.

ஐஎஸ் 9759 என்ற டீவாட்டரிங் வழிகாட்டியைப் படித்துவிட்டுப் போங்கள். மண்ணுக்குள் நீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்லும் டார்சி விதி, மணலுக்கும் களிமண்ணுக்கும் ஊடுருவு திறனில் உள்ள வித்தியாசம் கட்டாயம் வரும். நீரோட்டத்தை அளக்கும் 90 டிகிரி வி-நாட்ச் (V வடிவ வெட்டுள்ள தடுப்பு) பற்றியும் கேட்கலாம்: நீர் உயரம் 10 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் 25 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும் என்று சொல்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

சம்பளம் பேசும்போது ஷிப்ட் 8 மணியா 12 மணியா, தங்குமிடம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். பம்ப் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். வார விடுமுறையில் உங்கள் இடத்துக்கு யார் வருவார் என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: துபாய், தோஹா வாய்ப்புகள்?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: உண்டு. அங்கே நிலத்தடி நீர் கடுமையான உப்பு. பம்ப் இம்பெல்லரும் (உள்ளே சுழலும் சக்கரம்) குழாயும் சீக்கிரம் அரிக்கும். பராமரிப்பு தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.