எந்தப் பெயரில் பதிவு? கண் பராமரிப்புத் துறை வேலைகள் குறித்து வாசகர் கேள்வி-பதில்

(பதிலளிப்பவர் கோலாலம்பூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆப்டோமெட்ரிஸ்ட்டாகப் பணியாற்றி வருபவர்.)

கேள்வி: எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றுள்ளேன். கண் தொடர்பான துறையில் சேர விருப்பம். ஆனால் கண் டாக்டர், ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்டிஷியன் ஆகிய மூவரையும் என் வீட்டில் "கண்ணாடிக்காரர்" என்றே சொல்கிறார்கள். என்ன வேறுபாடு? (மாணவி, கெப்போங்)

பதில்: உங்கள் வீட்டில் மட்டுமன்று, தங்கையே, வங்கியில் கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போது என்னிடமும் "கடை வைத்திருக்கிறீர்களா?" என்றுதான் இன்றும் கேட்கிறார்கள்.

கண் மருத்துவர் முதலில் மருத்துவர். ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, பயிற்சி மருத்துவராக அரசு மருத்துவமனைப் பணி, அதன் பிறகு நான்காண்டு மேற்படிப்பு என்று அந்தப் பாதை மிக நீண்டது. மருந்தும் அறுவை சிகிச்சையும் அவருடைய பொறுப்பு. ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையை அளப்பவர். கண்ணாடிக்கும் கண்ணின் மேல் அணியும் வில்லைக்கும் (கான்டாக்ட் லென்ஸ்) அளவு எழுதுபவர். நோயின் அறிகுறியைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புபவர். இதற்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு தேவை. கோலாலம்பூரில் யு.கே.எம்., பூஞ்சாக் ஆலாமில் யு.ஐ.டி.எம்., குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்களிலும் சில தனியார் பல்கலைக்கழகங்களிலும் அது உண்டு. ஆப்டிஷியன் முதன்மையாக, எழுதிக் கொடுக்கப்பட்ட அளவின்படி கண்ணாடியைத் தயாரித்து, முகத்துக்குப் பொருத்தித் தருபவர். இவருக்கு டிப்ளோமா வழி உண்டு.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டப்படி, ஆப்டோமெட்ரிஸ்ட்டும் ஆப்டிஷியனும் மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிவு பெற்றால்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். எந்தப் பெயரில் பதிவாகிறோமோ அந்த எல்லைக்குள்தான் அடுத்த முப்பது ஆண்டுகளும் வேலை செய்யப் போகிறோம். ஆகவே கல்லூரியின் விளம்பரப் பலகையில் உள்ள படத்தைப் பார்த்துச் சேராதீர்கள். அந்தப் படிப்பை முடித்தால் மன்றம் எந்தப் பெயரில் பதிவு செய்யும் என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே, மன்றத்திடமே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலோ வேறு நாட்டிலோ படிக்க எண்ணுவோருக்கும் இதுவே என் பதில். கல்லூரி முகவர் வாய்மொழியாகச் சொல்லும் "அங்கீகாரம் உண்டு" என்ற சொல்லை நம்பி நான்கு ஆண்டுகளை அடகு வைக்க வேண்டாம்.

கேள்வி: மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் ஆறு ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். கண்ணாடி வெட்டும் இயந்திரத்தையும் ஓட்டுவேன். முதலாளி இல்லாத நேரத்தில் பவரும் பார்த்துக் கொடுக்கிறேன். இந்த அனுபவம் சான்றிதழாக ஏற்கப்படுமா? (வாசகர், செந்தூல்)

பதில்: ஏற்கப்படாது. பவர் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்; சிக்கல் வந்தால் சட்டத்தின் முன் நிற்கப்போவது நீங்களும்தான். ஆனால் வெட்டும் இயந்திரத்தில் உங்களுக்குள்ள கைப்பழக்கம் வீண்போகாது. டிப்ளோமா சேர்ந்தால், மற்ற மாணவர்கள் ஓராண்டு தடுமாறும் செய்முறைப் பாடம் உங்களுக்கு எளிதாக இருக்கும். படிக்கவே இயலாது என்றால் லென்ஸ் தயாரிப்புக் கூடங்களில் தொழில்நுட்பர் வேலைக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் பொது வார்டில் பத்து ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். இரவுப் பணி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கண் பிரிவுக்கு மாற முடியுமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: முடியும், சகோதரி. பதிவு பெற்ற தாதியருக்குக் கண் பராமரிப்பில் மேற்பயிற்சி உண்டு. கண்புரை அறுவை சிகிச்சை பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும் சிகிச்சை என்பதால், தனியார் கண் மையங்களில் இரவுப் பணி மிகவும் குறைவு. முதலில் உங்கள் மருத்துவமனையிலேயே கண் மருத்துவரின் கிளினிக்கில் தற்காலிகமாகப் பணியாற்ற அனுமதி கேளுங்கள். அங்கே சொட்டு மருந்து விடுவதோடு நின்றுவிடாமல், அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை அளக்கும் கருவியையும் கற்றுக்கொள்ளுங்கள். அந்த அளவில் 1 மில்லிமீட்டர் தவறினால், உள்ளே வைக்கும் செயற்கை வில்லையின் பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை பிசகிவிடும். அந்த அளவைக் கவனமாக எடுக்கத் தெரிந்தவரை மையங்கள் எளிதில் விட்டுவிடுவதில்லை.

கேள்வி: ஆப்டோமெட்ரி பட்டம் முடித்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். பல விளம்பரங்களில் "மாண்டரின் பேசுவோர் மட்டும்" என்று இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்? (பட்டதாரி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: தம்பி, மாண்டரின் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். சில கடைகளுக்கு அது உண்மையான தேவை. வருகிறவர்கள் பெரும்பாலும் சீன முதியவர்கள். சில கடைகள் அதைச் சொல்லி நம்மைத் தவிர்க்கின்றன என்பதும் எனக்குத் தெரியாததன்று. எதுவானாலும் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே எட்டு மாதங்களைக் கழிக்க வேண்டியதில்லை. கண் அளவு பார்க்கத் தேவையான நாற்பது ஐம்பது மாண்டரின் சொற்களைப் படியுங்கள். மூன்று மாதத்தில் வந்துவிடும். கூடவே, உங்கள் சுயவிவரத்தில் தமிழை ஒரு திறனாக எழுதுங்கள். இனிப்புநீர் நம் சமூகத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருப்பதாகக் கூறியது. அந்நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப் படம் எடுக்க வரும் பாட்டியிடம், கண் ஏன் மங்குகிறது என்பதை அவர் மொழியிலேயே சொல்லத் தெரிந்தவர் மருத்துவமனைக்குத் தேவைப்படுகிறார்.

அடுத்தது, நீங்கள் எல்லா இடங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கக்கூடும் என்று ஐயுறுகிறேன். பேரங்காடியில் உள்ள தொடர் கடைக்கு விற்பனையும் வேகமும் முக்கியம். கண் மருத்துவமனைக்கு ஓ.சி.டி. (விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுப்பது), பார்வைப் புல அளவீடு (பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) போன்ற பரிசோதனைகளில் பழக்கம் முக்கியம். பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கிறீர்கள், அங்குள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் குறைபார்வை உள்ளோருக்கு எவ்வாறு உதவுகிறார்கள் என்று சில வார இறுதிகளில் தொண்டராக நின்று பாருங்கள். அது சுயவிவரத்தில் ஒரு வரிதான், ஆனால் நேர்முகத் தேர்வில் கால் மணி நேரம் பேசத் தக்க வரி. அரசுப் பணிக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்து, பெர்கேசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைதேடல் தளத்திலும் விவரத்தை ஏற்றி வையுங்கள்.

நேர்முகத் தேர்வு நடத்த நான் அமரும்போது புத்தகக் கேள்வி கேட்பதில்லை. மைனஸ் 6.00 பவர் கண்ணாடி ஒன்றை மேசையில் வைப்பேன். அணிபவரின் இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் 58 மில்லிமீட்டர், ஆனால் லென்ஸின் மையங்கள் 62 மில்லிமீட்டரில் இருக்கின்றன. வாடிக்கையாளர் தலைவலி என்கிறார், என்ன சொல்வீர்கள் என்று கேட்பேன். ஒவ்வொரு கண்ணுக்கும் 2 மில்லிமீட்டர் விலகலால் 1.2 பிரிசம் (லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் அளவு), இரண்டும் சேர்ந்து 2.4 என்று கணக்குச் சொல்பவர்கள் பலர் உண்டு. ஒரு முறை ஒரு பெண் கணக்கைத் தொடவே இல்லை. கண்ணாடியைக் கையில் எடுத்து, மூக்குப் பிடிகள் கோணியிருப்பதைக் காட்டி, "முதலில் இதைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கட்டுமா, ஐயா?" என்றார். கணக்கை அதன் பிறகுதான் போட்டார். அவரையே தேர்ந்தெடுத்தேன்.

நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் அடிப்படைச் சம்பளத்தையும் கமிஷனையும் தனித்தனியாகப் படியுங்கள். நான் பட்டம் பெற்றுச் சேர்ந்த முதல் கடையில், பெயரைச் சொல்ல விரும்பவில்லை, வாய்மொழியாகச் சொன்ன தொகையில் பாதி கமிஷன் என்பது முதல் மாதச் சம்பளச் சீட்டில்தான் தெரிந்தது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). பட்டதாரி அதற்கு மேல்தான் பேச வேண்டும். மன்றத்தின் ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்கும் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் கேளுங்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), பெர்கேசோ சந்தா முதல் மாதத்திலிருந்தே பிடிக்கப்படுகிறதா என்பதைத் தயங்காமல் கேளுங்கள். இதைக் கேட்டதற்காக வேலை தர மறுக்கும் முதலாளியிடம் சேராமல் இருப்பதே நல்லது.