ரக்பி லீகில் ஃபார்வர்ட் என்பவர் யார்? அவர்கள் ஏன் சீக்கிரமே ஓய்வு பெறுகிறார்கள்?

ரக்பி லீக் என்பது ரக்பி விளையாட்டின் ஒரு வகை. இதில் ஓர் அணியில் 13 பேர். அதில் 6 பேர் ஃபார்வர்ட்கள், அதாவது பந்தை அணைத்துக்கொண்டு எதிரணியின் தடுப்பு வரிசை மீது நேராகப் போய் மோதுபவர்கள்.

ஏன் மோத வேண்டும்? பந்து வைத்திருக்கும் அணியை 6 முறை மடக்கிவிட்டால் பந்து கைமாறிவிடும். அதற்குள் எவ்வளவு தூரம் முன்னேற முடியுமோ அவ்வளவு லாபம். நெரிசலான பஸ்ஸில் ஒருவர் தோளைக் கொடுத்து முண்டி வழி உண்டாக்க, பின்னால் வருபவர் ஜன்னலோர சீட்டைப் பிடிப்பாரே, அப்படித்தான். முண்டுபவர் ஃபார்வர்ட்.

இந்த மோதல் தாக்குதலில் மட்டும் இல்லை. தடுக்கும்போதும் அதே உடம்புதான் அடி வாங்க வேண்டும். இங்கிலாந்தின் சாம் பர்ஜெஸ் நல்ல உதாரணம். அங்குள்ள பிராட்ஃபோர்ட் அணியில் ஆடிவிட்டு 2010இல் சிட்னியின் சவுத் சிட்னி அணிக்குப் போனார். ஆஸ்திரேலிய ரக்பி லீக் தொடரின் 2014 இறுதிப் போட்டியின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்தது. மனிதர் வெளியேறவில்லை! முழு ஆட்டமும் ஆடி, ஆட்ட நாயகன் பதக்கமும் வாங்கினார். 1971க்குப் பிறகு அணிக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. ஆனால் தோள் காயம் தீராமல் 2019இல், 30 வயதிலேயே விலகிவிட்டார்.

'ஃபார்வர்ட்' என்றதும் கால்பந்து போல கோல் அடிப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அதிகப் புள்ளி எடுப்பவர்கள் பெரும்பாலும் பின்னால் நின்று ஓடிவரும் 'பேக்' வீரர்களே.