ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த கொள்ளுத்தாத்தா: ஆவணங்களைப் பார்க்க உரிமை உண்டா?

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1880களில் கைக்குழந்தையாக லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டவர். அவர் பெயரில் பிறப்புப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. இல்லத்தின் பழைய ஆவணங்களைச் சட்டப்படி கேட்டுப் பெற முடியுமா? அவரைப் பெற்ற தாயின் குடும்பச் சொத்தில் எங்களுக்குப் பங்கு உண்டா?

பதில்: நீங்கள் தேடிய பெயர் பெற்றோர் வழியில் வந்ததன்று என்பதால்தான் பதிவு அகப்படவில்லை. தாமஸ் கோரம் 1739-இல் அரச சாசனம் பெற்று நிறுவிய அந்த இல்லம், 1741-இல் முதல் குழந்தைகளை ஏற்றுக்கொண்ட காலந்தொட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, புதுப் பெயரிட்டு ஞானஸ்நானம் செய்வித்து வந்தது. ஆகவே, இல்லத்தின் பதிவேட்டில் அந்தப் புதுப் பெயருக்கு நேரே உள்ள எண்ணையும் சேர்க்கை நாளையும் முதலில் கண்டுபிடியுங்கள். அவை கிடைத்தால், அவ்வாண்டில் ஏற்கப்பட்ட விண்ணப்பங்களுள் தாய் கொடுத்ததை அடையாளம் காண வழி பிறக்கும். மணமாகாத தாய், தன் முதல் குழந்தைக்காக, தான் நன்னடத்தை உள்ளவள் என்றும் குழந்தையின் தகப்பன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்றும் காட்டி எழுதிக்கொடுத்த அவ்விண்ணப்பத்தில், அவளுடைய உண்மைப் பெயர் மட்டுமன்றி, தகப்பன் என அவள் குறிப்பிட்டவனின் பெயரும் பெரும்பாலும் இருக்கும்.

இந்த ஆவணங்கள் இப்போது லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 110 ஆண்டுகளைக் கடந்தவற்றை எவரும் பார்வையிடலாம் என்பதால், 1880களின் ஏடுகளுக்கு நீங்கள் உறவுமுறையை நிரூபிக்கவோ வழக்கறிஞரை அமர்த்தவோ வேண்டியதில்லை. அதற்குப் பிற்பட்டவற்றுக்கே, இல்லத்தின் வழிவந்த கோரம் தொண்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அத்தகைய ஏடுகளை உரிமையாகக் கோருவது கடினம்: தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடிருப்பவரின் தகவலுக்கே பொருந்தும், 2000-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டமோ பொது அதிகார அமைப்புகளையே கட்டுப்படுத்தும், தனியார் தொண்டு நிறுவனம் அதன் வரம்புக்குள் வராது.

தாயின் பெயர் தெரிந்தபின் பிறப்புச் சான்று பெறுவது எளிது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் பதிவான எந்தப் பிறப்பின் நகலையும் கட்டணம் செலுத்தி எவரும் வாங்கலாம். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில், மணவாழ்வுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு நிற்பதைக் காண்பீர்கள்; சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள், நீங்கள் தேடுவது அப்படிப்பட்ட பதிவைத்தான். சான்றிலும் தகப்பன் பெயர் அநேகமாக இராது, ஏனெனில் 1875 முதல் அவனே நேரில் வந்து தாயுடன் கையெழுத்திட்டால்தான் அதைப் பதிய முடியும்.

ஆகவே விண்ணப்பத்தில் உள்ள தகப்பன் பெயரைத் தாயின் கூற்றாக மட்டுமே கொள்ளுங்கள். அதை இல்லம் விசாரித்திருக்கலாம், நீதிமன்றம் தீர்மானித்ததில்லை. மரபணுப் பரிசோதனையால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும், ஆனால் உறவினர் மனமுவந்து மாதிரி தர வேண்டும். மறுக்கும் நாத்தனாரின் சீப்பிலிருந்து முடியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் யோசனை யாருக்கேனும் இருந்தால் இப்போதே கைவிடச் சொல்லுங்கள். ஒப்புதலின்றி மரபணுவை ஆராயும் நோக்கில் உடற்பொருளை வைத்திருப்பதே 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்கீழ் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

சொத்தைப் பொறுத்தவரை நம்பிக்கை வைக்க இடமில்லை. அக்காலப் பொதுச்சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது. 1926-இல் தாயின் சொத்தில் மட்டும், அதுவும் அவளுக்கு மணவழிப் பிள்ளைகள் இல்லாதபோது, குறுகிய உரிமை தரப்பட்டது. 1969-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் அதை விரிவாக்கினாலும், அதற்கு முன் இறந்தவர்களின் சொத்தை அது தொடவில்லை. எங்கேனும் ஓர் உரிமை பிறந்திருந்தாலும், காலவரம்புச் சட்டம் அதை என்றோ முடித்திருக்கும். காப்பகத்துக்குச் செல்லும் பயணத்தைச் சொத்து வழக்குக்கான முன்னேற்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம்.