குதிக்காலைப் பார்த்துவிட்டுத்தான் பொறுப்பு மாற வேண்டும்

திருகோணமலையில் தாதியாக இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து அட்டவணையில் சரி போடுகிறோம். அப்படியிருந்தும் படுக்கைப்புண் வருகிறது. வந்ததும் இரவுக்காரர் பகல்காரரைச் சொல்கிறார்கள், பகல்காரர் இரவுக்காரரை. என்ன செய்யலாம்?"

தங்கச்சி, அட்டவணையை விட்டுத் தோலைப் பாருங்கள். வேலை மாறும்போது போகிறவரும் வருகிறவரும் கட்டிலடியில் சேர்ந்து நின்று, போர்வையை விலக்கி, நாரிக்குக் கீழே, இடுப்பெலும்பு, இரண்டு குதிக்கால், மல்லாக்கவே கிடப்பவர் என்றால் பின்மண்டை, இவ்வளவையும் நாலு கண்ணால் பார்த்த பிறகுதான் பொறுப்பு மாற வேண்டும். யாருடைய நேரத்தில் வந்தது என்ற சண்டை அதோடு நின்றுவிடும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறித் திரும்பச் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளிறாமல் அப்படியே நின்றால் அது முதல் நிலைப் புண், தோல் உடையவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு லேசில் தெரியாது, அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள்; பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிராகவோ, இறுகியோ தொளதொளத்தோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று எடுங்கள். "அதில எரியுது பிள்ளை" என்று ஆச்சி சொன்னால் அதையும் எழுதி வையுங்கள்.

தனியாளாகத் திருப்பவே வேண்டாம். தனியாள் இழுக்கத்தான் முடியும். இழுத்தால் தோல் பெட்சீட்டில் ஒட்டி நிற்க எலும்பு மட்டும் நகர்ந்து, நடுவில் இருக்கும் சின்ன இரத்தக்குழாய்கள் திருகுப்படும். இரண்டு பேர் துணியோடு சேர்த்துத் தூக்கி நகர்த்துங்கள். முழுப் பக்கமாகக் கிடத்தினால் பாரம் இடுப்பெலும்பில் விழும், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை சரித்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொரு தலையணை. குதிக்காலுக்கு அடியில் உங்கள் கை தாராளமாகப் போய்வர வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பி வைப்பது, வட்டத் தலையணை, சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, மூன்றும் வேண்டாம்.

கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வியர்வையில் முதுகு ஊறிக் கிடக்கும், திருப்பும்போதே துடைத்து ஈரத்துணியை மாற்றிவிடுங்கள்.

இரவில் ஆள் குறைவு என்பது எனக்கும் தெரியும். அதற்குத்தான் பிராடன் புள்ளி, யாருக்குப் படுக்கைப்புண் வரும் ஆபத்து எவ்வளவு என்று காட்டும் கணக்கு. 6 முதல் 23 வரை போகும், குறையக் குறைய ஆபத்து கூடும், 18 வந்தாலே கவனம் வேண்டும். 12க்கோ அதற்குக் கீழேயோ இருப்பவர்களின் கட்டில்களை மாலையிலேயே இருவரும் பேசிக் குறித்துவையுங்கள், இரவுச் சுற்றை அங்கிருந்து தொடங்குங்கள்.