ஈராக் போரும் ஜெர்மனி உதாரணமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈராக் போர் குறித்த உங்கள் கட்டுரை ஒருதலைப்பட்சமானது. பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் குர்து மக்களின் ஊரான ஹலப்ஜாவில் சொந்த நாட்டு மக்கள்மீதே நச்சுவாயு வீசிய சதாம் உசேனை அகற்றியது எப்படித் தவறாகும்? போர் நியாயமானது, ராணுவத்தைக் கலைத்தது போன்ற நிர்வாகப் பிழைகளே பின்னர் எல்லாவற்றையும் கெடுத்தன. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அமெரிக்கா ஜனநாயகத்தை நிலைநிறுத்தவில்லையா? போரையும் அதன் பின்விளைவையும் தனித்தனியாகத்தானே மதிப்பிட வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் வலுவான இடம் ஹலப்ஜாதான். 1988 மார்ச் 16 அன்று அங்கே ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். சதாம் உசேன் வீழ்ந்தபோது குர்து மக்கள் அடைந்த மகிழ்ச்சியை, தொலைவில் அமர்ந்து போரை எதிர்க்கும் என்னைப் போன்றவர்கள் வசதியாக மறந்துவிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படுகொலை நடந்த காலத்தில், ஈரானுடனான போரில் அமெரிக்கா சதாமின் பக்கமே சாய்ந்திருந்தது. 1991-இல் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் கிளர்ந்தெழுந்தபோதும், சதாமை அகற்றும்படி ஈராக்கியருக்கு வெளிப்படையாக அழைப்பு விடுத்திருந்த அமெரிக்கா, தெற்கில் தன் படைகள் அருகிலேயே இருந்தும், அந்த எழுச்சி நசுக்கப்படுவதைத் தடுக்கவில்லை. மக்களைக் காப்பதற்காகத் தலையிட வேண்டிய தருணங்கள் அவை. 2003-இல் அப்படியொரு படுகொலை நடந்துகொண்டிருக்கவில்லை.

அன்று உலகின்முன் வைக்கப்பட்ட காரணம் ஆயுதங்களே. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் அன்றைய வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசியது அதைத்தான். மார்ச் 7 அன்று அதே அவையில், ஆய்வுகளை முடிக்கச் சில மாதங்கள் தேவை என்றார் ஐ.நா. ஆயுத ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ். நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்றார் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகம்மது எல்பராடி. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் போர் தொடங்கிவிட்டது. தேடிய ஆயுதங்கள் கிடைக்காமல் போன பிறகே ‘விடுதலை’ என்ற காரணம் முன்வரிசைக்கு வந்தது.

சரி, காரணம் எதுவானால் என்ன, விளைவை நன்றாக அமைத்திருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் நான் வேறுபடுகிறேன். ஆக்கிரமிப்புக்குச் சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று போருக்கு முன்பே அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி சொன்னதைப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஏற்கவில்லை. ஓர் ஆட்சியைக் கவிழ்க்கப் போதுமான படைதான் அனுப்பப்பட்டது. ஒரு நாட்டைக் காக்கப் போதுமான படை அல்ல. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்ததும் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. அதைவிட விந்தை, துவைத்தா அணு வளாகமும் சூறையாடப்பட்டது. அணு ஆயுதத்துக்கு அஞ்சிப் படையெடுத்தவர்கள் முதலில் காவல் போட்டிருக்க வேண்டிய இடமல்லவா அது?

ஜெர்மனி உதாரணத்துக்கு வருகிறேன். அது உங்களுக்கு முன்பே, ஆக்கிரமிப்பின்போது ஈராக்கை நிர்வகித்த அமெரிக்கர் பால் பிரெமரின் நிர்வாகத்துக்குத் தோன்றிய உதாரணம். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் நாஜிக் கட்சியினரைப் பதவிகளிலிருந்து நீக்கியதை மனத்தில் கொண்டே மே 16 அன்று சதாமின் பாத் கட்சியினரை நீக்கும் முதல் ஆணையும், மே 23 அன்று ராணுவத்தைக் கலைக்கும் இரண்டாம் ஆணையும் பிறப்பிக்கப்பட்டன. வேலைக்காகவும் பதவி உயர்வுக்காகவும் கட்சியில் சேர்ந்திருந்த ஆசிரியர்கள் பலரும் வெளியேற்றப்பட்டனர். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வாழ்வாதாரம் இழந்தனர். ஆகவே இதைக் கைத்தவறு என்று சொல்ல முடியாது, ஒரு நம்பிக்கையிலிருந்து எடுத்த முடிவு இது. ஜப்பானிலோ அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் பேரரசரையும் பெரும்பாலான அதிகார வர்க்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார். உதாரணம் காட்டியவர்கள் அந்தப் பாதியைப் படிக்கவில்லை போலும்.

ராணுவக் கலைப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அதைவிட நீண்ட தீங்கு, ஜூலை 13 அன்று அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் ஈராக்கியரைக் கொண்டு அமைக்கப்பட்ட ஆளும் அவையில் தொடங்கியது என்று நினைக்கிறேன். அதன் 25 இடங்கள் ஷியாக்களுக்கு 13, சுன்னி அரபியருக்கு 5, குர்துகளுக்கு 5, துருக்மெனியர், அசிரியக் கிறிஸ்தவர் ஆகியோருக்கு ஒவ்வொன்று எனப் பங்கிடப்பட்டன. ஈராக்கியர் ‘முஹாசஸா’ என்று அழைக்கும் இந்தப் பங்கீடு பின்னர் அமைச்சகங்களைக் கட்சிகளின் சொத்தாக்கியது. 2019 அக்டோபரில் பாக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்டவர்களில் பலர் சதாமின் ஆட்சியை நினைவில் கொண்டிராத இளைஞர்கள். இந்த முஹாசஸாவை எதிர்த்து அவர்கள் எழுப்பிய முழக்கம், ‘எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்’ என்பது.